எரிந்தது எந்த வீடு?

பற்றைக்காட்டில் பிடித்த தீ, கரைத்தீவில் எங்கள் தென்னோலைக் கிடுகு வீட்டையும் எரித்துவிட்டது. அரசாங்க நிவாரணப் படிவத்தில், தொண்ணூறாம் ஆண்டு போரில் விரட்டப்பட்டு, சிறுவனாக விட்டுவந்த மன்னார் வீட்டின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். எந்தப் படிவத்திலும் வாப்பா அதைத்தான் எழுதுவார், நானும் அப்படியே.

கிராம சேவகர் வாசித்துவிட்டு, "நானா, மன்னார் ஊடு எரியல்லயே. இப்பிடி அனுப்பினா உதவி கெடைக்காது" என்றார்.

"அதுதான் எங்கட ஊடு!" என்று சீறினேன்.

அவர் கோபிக்கவில்லை. புதுப் படிவமொன்றை எடுத்து, "எரிஞ்ச ஊட்டப் பத்திச் சொல்லுங்க, நானே எழுதுறன்" என்றார்.

கிணற்றடி முருங்கையை, மூன்று பிள்ளைகளும் தவழ்ந்த மண்தரையை, வாப்பா கண்மூடிய அறையைச் சொன்னேன்.

முப்பது வருடத்துக்கு மேலாக மன்னார் வீட்டை நினைத்தே அழுதவன், இந்த வீட்டுக்காக அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.