காந்தப் பாடத்துக்குப் பழைய சட்டை

இரும்புத் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. சோப்பு போட்டுக் கழுவினாலும் போகாது, மதியம் சோற்றோடு சேர்ந்து வரும். திருவொற்றியூர் ஸ்கூலில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிதில் கையெல்லாம் அந்த வாசனைதான்...

அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஹெச்.எம். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனாலும் காந்தப்புலத்தைப் போர்டில் வரைந்து காட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. எர்ணாவூர் பட்டறை ஒன்றில் கேட்டு, அரம் போட்டு விழுந்த தூளை ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தேன்.

காந்தத்தின் மேல் ஒரு தாள், அதன் மேல் தூளைத் தூவி விரலால் தட்ட வேண்டும். கோடு கோடாக நிற்கும். புத்தகத்தில் அவ்வளவுதான். புத்தகம் எழுதினவருக்கு நம்ம ஊர் கடல் காற்றைப் பற்றி என்ன தெரியும்? டப்பாவைத் திறந்ததுமே தூள் பறந்தது.

ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தினோம். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வேர்த்து விறுவிறுத்து மேஜையைச் சுற்றி முண்டியடித்தது. கோடுகள் தெரிந்ததும் ஒரே கூச்சல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பறந்த தூள் வேர்த்த சட்டைகளில் ஒட்டியதை யாரும் கவனிக்கவில்லை. துவைத்துக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது... வெள்ளை யூனிஃபார்ம் முழுக்கத் துருப்புள்ளி.

அந்த வகுப்பில் படித்த மஞ்சுளாவின் அம்மா மீன் விற்கிறவர். கூடையை வாசலில் வைத்துவிட்டு, சட்டையை ஹெச்.எம். மேஜை மேல் விரித்தார்.

"இன்னா சார் இது? கீறதே ஒரு சட்ட. பொண்ணு எத்த போட்டுகினு வரும்?"

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். டப்பாவையும் காந்தத்தையும் ஒப்படைக்கச் சொன்னார். வேலை போச்சு என்றே நினைத்தேன். பயமாக இருந்தது.

இரண்டையும் எடுத்துவர நான் அனுப்பிய மஞ்சுளா அவற்றை ஹெச்.எம்.மிடம் கொடுக்கவில்லை. "இத்தத்தாம்மா செஞ்சோம்" என்று அவர் மேஜையிலேயே காந்தத்தின் மேல் தாளை வைத்து, தூவித் தட்டிவிட்டாள்.

அம்மா குனிந்து பார்த்தார். கோபமாக வந்தவர், விரித்த சட்டையை ஓரமாக ஒதுக்கினார்.

"யார்டி இத்த இப்டி நிக்க வெச்சது?"

"காந்தம்மா. அது எங்க வரிக்கும் இழுக்குதுன்னு காட்டுது."

"இன்னொரு தபா தட்டு."

தட்டினாள். அப்புறம் அம்மா ஹெச்.எம். பக்கம் திரும்பினார்.

"கறைய நான் எலுமிச்சம்பயம் தேச்சு எடுத்துக்கறேன். டீச்சர ஒண்ணியும் சொல்லாத சார். அடுத்த தபா பயைய சட்ட போட்டு அனுப்பறோம், அவ்ளோதான்."

டப்பா என் கைக்கே திரும்பி வந்தது. வேலையும் தப்பியது. அதிலிருந்து வருஷா வருஷம் காந்தப் பாடம் என்றால் கிளாஸே அண்ணன் சட்டை, அப்பா சட்டை என்று தொளதொளவென்று வந்து நிற்கும். பார்க்கவே சிரிப்பாக இருக்கும்.

இப்போது ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. கோடுகள் கலர் கலராக வளைகின்றன. ஃபேன் ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சட்டையில் ஒரு புள்ளி கிடையாது. எந்த அம்மாவும் சண்டைக்கு வருவதில்லை.

அதனால் எந்த அம்மாவும் அந்தக் கோடுகளைப் பார்ப்பதும் இல்லை.