மூன்றாம் எண்ணில் விழித்த எஞ்சின்

ஃப்ரீட்லிண்டே, எங்களுக்கு லிண்டே, வேலை செய்யும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் பதில் வராது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரயில் எஞ்சினைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே திறந்து வைத்துக்கொண்டு, வேறெங்கோ போய்விட்டவள்போல உட்கார்ந்திருப்பாள். எங்கள் ரைஷன்பாக் ஊரில் பழைய சரக்குக் கொட்டகையின் மாடிதான் எங்கள் மாதிரி ரயில் சங்கம். சன்னலோர மேசை அவளுடையது. வெளியே நவம்பர் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஈயம் பற்றவைக்கும் புகை மெல்ல எழுந்து விளக்கைச் சுற்றும். கேக் வெட்டி காபி ஊற்றுவதுதான் சங்கத்தில் என் பதவி. கத்தியும் கையுமாக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கே கண் சொருகும்.

பிழைப்புக்கு அவள் காது கேட்கும் கருவி பொருத்துகிறாள். அதனால்தான் குட்டி எஞ்சின்களுக்குக் குரல் வைக்கும் வேலையை மொத்தமாக அவள் தலையில் கட்டிவிட்டோம். குரல் இருப்பது டிகோடர் என்ற நகமளவுத் தகட்டில். நிஜ எஞ்சினின் உறுமல், பிரேக்கின் கிறீச்சு, ஹாரன் எல்லாம் அதற்குள் பதிந்து உறங்கும். அதையும் சர்க்கரைக் கட்டி போன்ற ஓர் ஒலிபெருக்கியையும் உள்ளே திணிக்க வேண்டும். இடம் ஏது? உள்ளே இருக்கும் உலோகத்தை அராவ வேண்டும், தலைமுடி போன்ற கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும், ஒலிபெருக்கியின் பெட்டியில் ஊசித்துளைகூட இல்லாமல் அடைக்க வேண்டும். துளை இருந்தால் உறுமல் கீச்சாகிவிடும். "காதுக் கருவியும் இதே கதைதான். சந்து விட்டா ஊளையிடும்," என்பாள் லிண்டே.

அவளுடைய அண்ணன் வோல்க்மார் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். அவர் காலமெல்லாம் ஓட்டியது சோவியத்துக்காரர்கள் செய்து அனுப்பிய டீசல் எஞ்சின். முதலில் வந்தவற்றில் சத்தத்தை அடக்க ஒன்றுமே கிடையாது. டைகா என்றால் அவர்களுடைய வடக்குக் காடு; டைகா முரசு என்றே அதற்குப் பட்டப்பெயர். ஊரில் கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் தானாக நகரும். அது ஓய்ந்தபோது வோல்க்மாரின் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தங்கை செய்து கொடுத்த கருவியை அவர் இழுப்பறையில் போட்டுவிட்டார். "கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஊர் வம்பா?" என்று ஒரே பிடிவாதம். மனைவி போன பிறகு வீட்டுக் கதவையும் சாத்திக்கொண்டார். ஞாயிறுதோறும் லிண்டே போய் உருளைக்கிழங்கு உருண்டை செய்து போடுவாள். அவள் பேசுவாள். அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் தலையாட்டுவார், தலையாட்ட வேண்டிய இடத்தில் தட்டைப் பார்ப்பார்.

"ஊருக்கெல்லாம் காது வைக்கிறேன். கூடப் பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியல," என்றாள் ஒரு நாள், கோப்பை துடைத்துக்கொண்டே. அவள் கேட்டது வேறொன்றுமில்லை. அண்ணன் அந்தக் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அவர் வீட்டில் ஊமையாகக் கிடந்த குட்டி மாதிரி டைகா முரசைக் கேட்டு வாங்கி வந்து அதற்குக் குரல் வைத்தாள். வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குரல் முதலில் ஒலிக்கும்போது எல்லோரும் வாயை மூட வேண்டும். எஞ்சினுக்குச் சொந்தக்காரர் கண்ணை மூடிக் கேட்டு, அது என்ன எஞ்சின் என்று சொல்ல வேண்டும். பிறகு அவரே அதற்கு ஓர் எண் கொடுப்பார். கையிலிருக்கும் ரிமோட்டில் அந்த எண்ணைப் போட்டு அழைத்தால்தான் எஞ்சின் நகரும். கடையிலிருந்து வரும் டிகோடர் எல்லாமே மூன்றாம் எண்ணில்தான் வரும். மாற்ற மறந்தால், மூன்று என்றதும் மறந்தவர்களின் எஞ்சின் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பிவிடும். மறப்பவர்களை லிண்டே லேசில் விடமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை வோல்க்மார் வந்தார். விளக்குகளைத் தாழ்த்தினோம். பெரிய மேசையெங்கும் நாங்கள் கட்டிய சின்ன ஊர் விழித்துக்கொண்டது. தீக்குச்சித் தலை அளவு சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். எனக்கு எப்போதும் அந்த நிமிடத்தில் நானே சுருங்கிப்போய் அந்தத் தெருவில் நடப்பதுபோல் இருக்கும். லிண்டே அவர் இழுப்பறையிலிருந்து எடுத்து வந்த காதுக் கருவிப் பெட்டியை அண்ணன்முன் வைத்துக் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் முறைத்தார்.

சங்கத் தலைவர் ரூடிகர் அவர் முகத்துக்கு நேரே வந்து, உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னார்: "சங்க விதிப்பா. கேட்டே ஆகணும்."

விதி என்றால் ரயில்வேக்காரர் என்ன செய்வார்? மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

லிண்டே ரிமோட்டில் மூன்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். அறை அவ்வளவு அமைதி. குட்டி எஞ்சின் முணுமுணுத்தது.

"என்ன இது, தையல் மெஷினா?" என்றார் வோல்க்மார்.

லிண்டேயின் முகம் விழுந்துவிட்டது. கொஞ்சம் ஓடினால் உறுமும் என்று நினைத்தாளோ என்னவோ, ரிமோட்டின் வேகத் திருகைத் திருப்பினாள். எஞ்சின் நகர்ந்தது. வோல்க்மார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கருவியைக் கழற்றக் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது மேசையின் அந்தக் கோடியில் ரூடிகரின் புத்தம்புது ரயில் பேருந்தும், அதுதான் தண்டவாளத்தில் ஓடும் ஒற்றைப் பெட்டி, கிளம்பியது. பெயின்ட் அடிக்கப் பாலத்தைக் கழற்றி வைத்திருந்தோம். பேருந்து நேராக அந்த இடைவெளிக்குப் போய்த் தரையில் விழுந்தது.

"ரூடிகர்! மூணை மாத்தாமலே தண்டவாளத்துல வச்சியா?" லிண்டேயின் குரல் கொட்டகையையே தூக்கியது. "உனக்கு எத்தனை தடவை பாடம் நடத்தறது? தலைவராம் தலைவர்!"

"நீ மட்டும் மாத்துனியா? உன்னுதும் மூணுலதான ஓடுது?"

"அது வோல்க்மார் நம்பர் சொல்லட்டும்னு காத்திருக்கு!"

"என்னுதும் நம்பருக்குத்தாம்மா காத்திருந்துச்சு. அதுக்குள்ள தள்ளி விட்டுட்ட!"

"நானா தள்ளுனேன்? பேசாத நீ, வாயைத் திறக்காத!"

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். வோல்க்மாரின் கை காதருகிலேயே நின்றிருந்தது. கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிண்டே," என்றார். "இது உன் குரலா?"

"பின்ன யார் குரல்?"

"அம்மா கத்துற மாதிரியே இருக்கு. இவ்வளவு வயசாயிடுச்சா உன் குரலுக்கு?"

லிண்டே ரூடிகரை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். நான் கசகசா கேக்கில் செருகிய கத்தியை எடுக்க மறந்து நின்றேன். வோல்க்மார் கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கருவி காதிலேயே இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் கொஞ்சம் திட்டு," என்றார்.

உடைந்த பேருந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த ரூடிகர் நிமிர்ந்து நின்றார். "திட்டும்மா. நான் எங்கயும் போகல."

லிண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.