நாலாவது வரிசை

பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட அந்தக் கடற்கரைக் குடையை இத்தாலியிலிருந்தே கொண்டுவந்ததாக முதலாளியம்மா சொல்லுவார். இரண்டாயிரத்து ஐந்து, ஆறில் மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் அவருடைய மரக்கறிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தக்காளி அடுக்கும்போதெல்லாம் தன் ஊர்க் கடற்கரைப் பெருமையைப் பிரெஞ்சில் அளந்துகொண்டேயிருப்பார். அங்கே மணலில் குடைகள் வரிசை வரிசையாக நிற்குமாம். தண்ணீரை ஒட்டிய முதல் வரிசை பெரிய குடும்பங்களுக்கு. தகப்பனுக்குப் பிறகு அந்த இடம் மகனுக்கு. ஓகஸ்ட் முழுவதும் அதே குடை, அதே அயல், அதே வம்பு. மத்தியானம் சாப்பிட்டால் மூன்று மணித்தியாலம் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. பின்னேரம் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு, ஒருவரையொருவர் பார்ப்பதற்கென்றே தெருவில் நடப்பார்களாம். மன்னார்க் கடலில் நினைத்த நேரம் விழுந்து குளித்து வளர்ந்த எனக்கு, கடலுக்கு முன்னால் போய் இருந்துகொண்டும் சட்டம் போடுகிறவர்களை நினைக்கச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பைத்தியத்தை அவர் மொன்றியலுக்கும் கொண்டுவந்திருந்தார். ஓகஸ்ட் ஞாயிறுகளில் அவருடைய சொந்தக்காரர்கள் இல்-பிசார் தீவின் ஏரிக்கரையில் கூடுவார்கள். பொது மணல், யாரும் எங்கேயும் இருக்கலாம். ஆனால் முதலாளியம்மா காலையில் வெள்ளெனவே வந்து, ஆளின் தகுதி பார்த்துக் குடை ஊன்றுவிப்பார். முதல் வரிசை அவருக்கும் கணவருக்கும்; பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பி குடும்பம் இரண்டாவது. வாடகை வீட்டில் இருக்கும் ஏழைச் சொந்தங்கள் மூன்றாவது. கடையின் வான் வண்டியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார். நானும் மனைவியும் நாலாவது வரிசை, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில். முழங்காலளவு ஏரித் தண்ணீருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஒரு குளிர்காலத்தில் கணவர் இறந்துபோனார். அடுத்த கோடையில் முதல் வரிசையில் தம்பியின் குடை நின்றது. குடும்பத்துக்கு இனித் தான்தான் மூத்தவன் என்று அவர் மரியாதையாகவே சொன்னார். தனி ஆளுக்கு முன்வரிசைகளில் இடமில்லையாம். இந்த அம்மாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்த சொந்தங்கள் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுத் தங்கள் தங்கள் குடைக்குக் கீழே போய் இருந்துகொண்டார்கள். எங்கள் ஆட்களும் கலியாண வீட்டில் கைம்பெண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள்தான். ஆனால் அதை விடுமுறை என்று சொல்லிக்கொள்வதில்லை. கடையில் ஒரு அழுகின தக்காளிக்கு உலகத்தைப் புரட்டுகிற முதலாளியம்மா குடையைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார்.

மனைவி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்தவர், எங்கள் குடையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார், நாங்கள் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருந்தால் நல்லது என்று. முதலாளியும் வேலையாளும் ஒரே வரிசையில் இருப்பதைச் சொந்தக்காரர்கள் கவனிப்பார்களாம்.

என்ன சொல்கிறா என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் கோபப்படக்கூட இல்லை.

"செத்த வீட்டில இவவோட இருந்து அழுதனான். இப்ப இவ சொல்லுறா எண்டு பின்னுக்குப் போகமாட்டன். குடையைப் பிடுங்குங்கோ, தண்ணிக் கரைக்குப் போவம்."

எல்லா வரிசைகளையும் தாண்டிப் போய், தம்பிக்காரரின் குடைக்கு முன்னால், கால் நனைகிற இடத்தில் ஊன்றினோம். அவருடைய முகம் சிவந்தது. பொது மணலில் அவர் என்னத்தைச் சொல்ல? மனைவி திரும்பி நின்று முதலாளியம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"வாங்கோ அம்மா, இஞ்ச இடமிருக்கு."

தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்கு அது விளங்கியது. கதிரையிலிருந்து பாதி எழும்பினார். தம்பிக்காரரைப் பார்த்தார். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். முதலாளியம்மா பாவாடையைச் சரிசெய்துகொண்டு திரும்ப இருந்துவிட்டார்.

இப்போதும் கோடையில் அந்தக் கரைக்குப் போகிறோம். பிள்ளைகள் கண்ட இடத்தில் துவாயை விரித்து விழுந்து கிடக்கிறார்கள். பாவம் அந்த மனுசி என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். எனக்கு அந்தப் பரிதாபம் வரவில்லை. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது. அன்று பின்னேரம் வரைக்கும் நாலாவது வரிசையில் அவரைத் தவிர வேறு ஒருவரும் இருக்கவில்லை.