சைக்கிள் டியூபில் ஒரு பெல்ட்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், அஜக்ஸ் நகரில் ஒருவரிடம் வாங்கிய பழைய ரெக்கோட் பிளேயருக்கு மூன்று கடைகளில் தேடியும் பெல்ட் கிடைக்கவில்லை. ஒரு ரப்பர் வளையம் இல்லையென்பதற்காக நல்ல இயந்திரத்தைக் குப்பையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அறுந்த பெல்ட்டின் ரப்பர் மணம் என்னை யாழ்ப்பாணத்து முற்றத்துக்கு இழுத்துச் சென்றது.

மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில், சைக்கிள் டைனமோவில் ஓடிய எங்கள் கசெற் பிளேயரின் பெல்ட் அறுந்தபோது, அக்கா பழைய டியூபை வளையமாக வெட்டி மாட்டினாள். அது தொய்ந்து, பாட்டு இழுபட்டது.

“பாட்டுக்காரனுக்கு நித்திரை வருது பிள்ளை!” என்று வேலிக்கு அப்பால் மாமி சிரித்தார்.

“பொறுங்கோ மாமி, எழுப்பிறன்!” என்றபடி அக்கா சற்றுச் சிறிதாக இன்னொன்றை வெட்டி மாட்டினாள். பாட்டு சீராக ஓடியது.

இப்போது இங்கேயே மில்லிக்கன் பகுதியில் வசிக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, இதற்கும் பெல்ட் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

“ஓம், வாறன். உன்ரை மகளின்ரை சைக்கிளில மட்டும் கை வைச்சிடாதை. டியூப் நான் கொண்டு வாறன்.”