யோசேப் போட்ட பச்சை இலை

யோசேப்பை ஒரு கதிரையில் உட்கார வைக்க அந்தோனியாரே இறங்கி வந்தாலும் முடியாது. பூசை நடக்கும்போதே இரண்டு தரம் எழும்பிப் போய், காரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவார். வீட்டில் தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பார். வயது அறுபத்தொன்று, காலில் இன்னும் சக்கரம். பேசாலை என்ற கடற்கரை ஊரில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி, ஸ்பெயின்காரரின் மீன்பிடிக் கப்பல் ஒன்றில் ஏழு வருடம் குசினி வேலை பார்த்தவர். லாஸ் பல்மாஸ் துறைமுகத்தில் அவர் பொறுக்கிக்கொண்ட ஸ்பானிஷில் பாதி சமையல், மீதி கெட்ட வார்த்தை.

குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறிய பிறகு, பரமட்டாவில் ஒருநாள் அந்த மொழிக்கு மதிப்பு வந்தது. பிலார் என்ற ஸ்பானிய அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் அவர் ஒன்பது வருடமாகப் பரிமாறுகிறார். நாள் முழுக்க நடக்கிற வேலை, மனுசனுக்குத் தோதானது. கடையின் மெனு முழுவதும் ஸ்பானிஷில் இருந்ததால், வருகிறவர்கள் ஒவ்வொரு பெயராகத் தொட்டு இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிலாருக்கு அலுத்துப்போனது. "என்னைவிட உனக்கு இங்கிலீஷ் வரும். நீயே மாற்றி எழுது," என்று சொல்லிவிட்டாள்.

மூன்று கிழமை யோசேப்புக்கு வேறு சிந்தனையே இல்லை. ரயிலில் எழுதினார், பிரசங்க நேரத்தில் எழுதினார், வென்ட்வேர்த்வில் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே எழுதினார். றோப்பா வியேஹா என்றால் பழைய துணி. பழைய துணி ஒரு பிளேட் கொண்டுவா என்று எவன் கேட்பான்? பிய்த்த மாட்டிறைச்சியும் கடலையும் என்று எழுதினார். தொசினோ டெ சியெலோ என்ற இனிப்பு அதைவிடக் கரைச்சல். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வானத்துப் பன்றிக்கொழுப்பு. உள்ளே இருப்பதோ முட்டை மஞ்சளும் சீனியும்தான், பன்றியின் வாசம்கூடக் கிடையாது. பெயரைக் கேட்டுப் பாவம் சனம் பயந்து ஓடிவிடும் என்று, சொர்க்கத்து முட்டைப் புடிங் என்று மாற்றினார். அந்தக் கெட்டித்தனத்தை மனைவி கத்தரினுக்கு மூன்று தரம் சொல்லிக் காட்டினார். கடைசியில், சைவமான சாப்பாடுகளுக்குப் பக்கத்தில் பச்சைப் பேனையால் சின்னச் சின்ன இலை கீறினார். பிலார் அதையும் அப்படியே அச்சடித்தாள்.

மெனெஸ்த்ரா டெ வெர்தூராஸுக்கு அவர் செலவழித்தது அரை நிமிடம். வெர்தூராஸ் என்றால் மரக்கறி. பட்டாணி, போஞ்சி, கரட் எல்லாம் போட்ட கூட்டு. "இதில இறைச்சி இல்லைத்தானே?" என்று பிலாரிடம் ஒரு வார்த்தை கேட்டும் பார்த்தார். "இல்லவே இல்லை, ருசிக்குக் கொஞ்சம் ஹமோன் மட்டும்," என்றாள் அவள். ஹமோன் என்பது உப்பில் காயவைத்த பன்றித்தொடை. அது யோசேப்புக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த 'கொஞ்சம்' அவருக்குக் கணக்கிலேயே வரவில்லை. கத்தரின், வெங்காயம் வதக்கிச் செய்யும் சீனிச்சம்பலுக்கு இரண்டு பிடி மாசிக்கருவாடு இடித்துப் போடுவாள். அதை அந்த வீட்டில் யாராவது மீன் என்று சொன்னதுண்டா? மரக்கறி நாளிலும் அந்தச் சம்பல்தான் மேசைக்கு வரும். இலையைக் கீறிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அவருடைய ஒரே மகள் டில்ஷா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கெல்லிவில்லில் இருக்கும் பிரதீப்குமார் என்ற பொடியனை இரண்டு வருடமாக விரும்புகிறாள். பொடியனின் பெற்றோர் பழனிசாமியும் வேதவல்லியும் ஈரோட்டுப் பக்கத்தவர்கள். தகப்பன் எதையும் சாப்பிடுவார், தாய் சுத்த சைவம். வேதம் வேறு, நாடு வேறு என்று இழுத்துக்கொண்டே இருந்தவர்கள், ஒருவழியாக நேரில் பேசச் சம்மதித்தார்கள். எங்கள் கடைக்கே வரட்டும் என்றார் யோசேப். பிலார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு லீவு கொடுத்து ஒரு மூலை மேசையும் ஒதுக்கினாள்.

அன்றைக்கு அவர் விருந்தாளி. ஆனாலும் பழக்கதோசத்தில் தண்ணீர்ப் போத்தலோடு மேசையைச் சுற்றி வந்தார். "அப்பா, ப்ளீஸ், சிட் டவுன்," என்று டில்ஷா பல்லைக் கடித்தாள். வேதவல்லி மெனுவை விரித்தார்.

"இந்த இலை போட்டிருக்கறதெல்லாம் சைவம்ங்களா?"

"ஓமோம். நான்தான் போட்டனான். பயப்படாமல் சாப்பிடுங்கோ."

வேதவல்லி மரக்கறிக் கூட்டைச் சொன்னார். வந்தது. மூன்று கரண்டி வாயில் வைத்துவிட்டு, ரொம்ப நல்லாயிருக்குங்க என்றார். யோசேப்புக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அந்த அம்மா தன் பாட்டில் சொல்லத் தொடங்கினார்.

"நானும் எல்லாம் சாப்பிட்டவதான். பிரதீப்புக்கு ஆறு வயசுல மூளைக்காய்ச்சல். டாக்டர் கைய விரிச்சுட்டாரு. புள்ளயக் குடுத்துரு முருகா, கறியும் மீனும் இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். இருபத்தியஞ்சு வருசம் ஆச்சுங்க."

நாலாவது கரண்டி மேலே போனது. அதில் பட்டாணிக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒரு துண்டு. பிலார் சொன்ன அந்தக் 'கொஞ்சம் ஹமோன்' இப்போதுதான் யோசேப்புக்கு நினைவுக்கு வந்தது.

"ஆறிப்போச்சு, சூடாக்கிக்கொண்டு வாறன்!" என்று பிளேட்டைக் கையிலிருந்து பறிக்காத குறையாக எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினார். "இதற்குள் ஹமோன் போட்டாயா?" என்று பிலாரிடம் கேட்டார். "பின்னே? ஹமோன் இல்லாமல் மெனெஸ்த்ராவா? எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அவள். விசயத்தைச் சொன்னதும் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பேசாமல் இரு, அவளுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

பின்னாலேயே வந்த கத்தரினும் அதையேதான் சொன்னாள். "வாயை மூடிக்கொண்டு இருங்கோப்பா. பிள்ளையின்ர வாழ்க்கை. தெரியாமல் சாப்பிட்டதுக்குப் பாவம் இல்லை."

"எனக்குத் தெரியுமே, கத்தரின்."

அவர் குசினிக்கும் மேசைக்கும் இடையில் நாலு தரம் நடந்தார். இன்னொரு சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். இந்தத் தரம் வெறும் உருளைக்கிழங்கு, தன் கண்முன்னால் பொரிக்கவைத்தது. உட்கார்ந்தார், எழும்பினார், கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். இதைச் சொன்னால் மகளின் கலியாணம் இந்த மேசையிலேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இந்த அம்மாவின் முகத்தை வாழ்நாள் முழுக்க எப்படிப் பார்ப்பது? பிள்ளையின் உயிருக்காக அவர் விட்டதை என் கையால் ஊட்டிவிட்டேனே! டில்ஷா அவரை முறைத்தாள். பழனிசாமி கல்யாண மண்டபம் பற்றிப் பேச்செடுத்தார். அதற்கு மேல் யோசேப்பால் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒரு பிழை நடந்துபோச்சு," என்றார். "நீங்கள் சாப்பிட்ட கூட்டில பன்றி இறைச்சி இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இலை போட்டது நான்தான். வேற ஆரிலையும் பிழை இல்லை."

பழனிசாமி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். வேதவல்லி எழுந்து கைகழுவும் பக்கம் போனார். பிரதீப்குமார் பின்னால் ஓடினான். டில்ஷாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. யோசேப் அசையாமல் நின்றார். அந்தப் பத்து நிமிடம்தான் அவர் வாழ்க்கையிலேயே கால் அசையாமல் நின்ற பத்து நிமிடமாக இருக்கும்.

வேதவல்லி திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது. உட்கார்ந்தார்.

"மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய் முருகன்கிட்டச் சொல்லிக்கறேன்," என்றார் பிறகு. "மனசு கேக்கலீங்க. ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. சொன்னீங்க பாருங்க அண்ணா, அந்த மாதிரி வீட்டுலதான் நம்ம பையனுக்குப் பொண்ணு எடுக்கணும். உட்காருங்க, தேதியப் பேசலாம்."

அண்ணா என்ற சொல்லில் யோசேப்புக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரையை இழுத்து, முதுகு சாய உட்கார்ந்தார். டில்ஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரின் நீளமாக மூச்சுவிட்டு, தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் வேதவல்லி, இப்போது சிரித்த முகமாக. "கல்யாணப் பந்தியில உங்க வீட்டு வெங்காயச் சம்பல் கட்டாயம் இருக்கணும். டில்ஷா மாசாமாசம் பாட்டில்ல குடுத்துவிடுவா இல்லீங்களா? ஒரு வருசமா எனக்குத் தினம் இட்லிக்கு அதுதான். வெளியில எங்கயும் நம்பித் தொடமாட்டேன். அத மட்டும் கண்ணை மூடிட்டுச் சாப்பிடுவேன்."

கத்தரினின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. மறுகையால் மேசைக்குக் கீழே கணவரின் தொடையை இறுக்கிப் பிடித்தாள்.

யோசேப் அந்தக் கையை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்தார். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடியும் எழுந்தார்.

"அம்மா," என்றார், "அதிலையும் ஒண்டு இருக்கு."