பட்டாணிக் கறி

எங்கள் தெருக் கறிக்கடைக்காரரை எல்லோரும் கொசுறு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எடை போட்ட பிறகும் ஒரு துண்டை எடுத்துப் போடாமல் அவர் கை நிற்காது. பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அவர் மனசும் தெரியும், வாயும் தெரியும். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவருடைய ஒரே மகள் பள்ளியில் படிக்கும்போதே கறியை விட்டுவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. "என்னால முடியலப்பா" என்றாள், அவ்வளவுதான். அம்மா இருந்தவரை தனியாகச் சமைத்துப் போட்டாள். அம்மா போன பிறகு, கல்யாணமான மகள் எப்போது வந்தாலும் கையோடு டிபன் டப்பாவும் வரும். ஊருக்கெல்லாம் கொசுறு போடுகிற மனிதர், பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் போட முடியாமல் எதிரே உட்கார்ந்திருப்பார். பார்க்க எனக்கே மனசு கேட்காது.

பட்டாணிப் புரதத்தில் செய்த கறியை ஒரு விற்பனையாளர் கொண்டுவந்து காட்டியபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டாணிக்கு எதுக்குய்யா இந்த வேஷம்?" ஆனால் அடுத்த வாரமே குளிர்பெட்டியில் அதற்கு இடம் ஒழித்துவிட்டார். காலம் மாறுகிறது, இளவட்டங்கள் கேட்கிறார்கள் என்று காரணம் சொன்னார். யாருக்குக் காது குத்துகிறார்?

சமைத்துப் பழகினார். கறியைப்போல நெடுநேரம் வேகவைத்து, முதல் தடவை கூழாக்கினார். அடுத்தது அடிபிடித்தது. ருசி பார்க்கிற பாவம் என் தலையில் விழுந்தது. ஒருவழியாகப் பதம் பிடிபட்டதும் மகளுக்கு ஃபோன் செய்தார். "டப்பா கொண்டு வராதம்மா." என்னையும் கூப்பிட்டார். "நீயும் வா தங்கச்சி. தனியா இருந்தா எனக்கு ஒண்ணும் ஓடாது."

மகள் வந்தாள். பரிமாறினார். "நல்லா மணக்குதுப்பா" என்று சிரித்தபடி ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம்மா, கீழ வை!"

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கடையில கறி வெட்டுற கட்டையிலேயே வெட்டிட்டேன். அதே கத்தி. கழுவினேன்தான், இருந்தாலும்..."

ஆயுசுக்கும் பழகிய கை, யோசிக்காமல் அங்கேதான் போயிருக்கிறது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான், எனக்கும் உறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு வாய்க்காக எத்தனை வருஷம் ஏங்கினார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் துண்டைத் தட்டில் வைத்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க கையால நம்பிச் சாப்பிடலாமான்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சுப்பா. இப்ப இல்ல. போய்ப் புதுசா ஒரு கத்தியும் கட்டையும் வாங்கிட்டு வாங்க. நான் பசியோட உட்கார்ந்திருக்கேன்."