தனித்தட்டுக்காரர்

பல் கட்டும் பட்டறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் தனித்தட்டு. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பல்வரிசை செய்வது அவர் வேலை. முன்பின் தெரியாதவர்களின் ஈறும் தாடையும் நாள் முழுக்க அவர் கையில்தான் கிடக்கும். மதியமானால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சொந்தக் கரண்டி, சொந்த டம்ளரோடு ஒரு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். யாராவது டப்பாவை நீட்டி, "ஒரு வாய் எடுத்துக்குங்க" என்றால், "வயிறு சரியில்ல" என்பார். இத்தனை வருஷமாக வயிறு சரியில்லாமல் இவ்வளவு திடமாக இருக்கும் ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று, மெழுகு வேலை பார்க்கும் பெண் சொல்லிச் சிரிப்பாள்.

எச்சில் என்ற நினைப்பே அவருக்குத் தொண்டையை அடைக்கும். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் ஒருநாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுக்கக் கை நீட்டினாள். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டைக் கழுவி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். கோபமெல்லாம் இல்லை. அவளுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். பிறகு மகள் பிறந்தாள். தான் கடித்த பிஸ்கட்டை அந்தக் குழந்தை ஆசையாக நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அம்மாவிடம் ஓடிவிடும். இப்போது மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

ஒருநாள் பட்டறையில் பீங்கான் பல் சுடும் அடுப்பு மக்கர் பண்ணியது. மதியத்தோடு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஓர் எத்தியோப்பிய உணவகம் வந்திருப்பதாகவும் தான் ஏற்கெனவே ஒருமுறை போயிருப்பதாகவும் மெழுகுப் பெண் சொன்னாள்.

"அண்ணா, நீங்களும் வரீங்க. இன்னைக்கு எந்தச் சாக்கும் எடுபடாது."

"இல்லம்மா, எனக்கு..."

"வயித்தையும் கூடவே கூட்டிட்டு வாப்பா, அதுவும் நாலு இடத்தைப் பாக்கட்டும்" என்றார் அடுப்பு வேலை பார்க்கும் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். தட்ட முடியாமல் கிளம்பினார்.

சின்ன இடம். காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வாசலிலேயே வந்து நின்றது. நடத்துகிற அம்மாளே பரிமாறவும் செய்தாள். மேசையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பெரிய தட்டு வந்தது. அதில் துளைத்துளையாக, மெத்தென்று இஞ்சரா ரொட்டி விரித்திருந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு பருப்பு, வதக்கிய கீரை, குழம்போடு இறைச்சி எனக் குவியல் குவியலாக இருந்தன. கரண்டியைக் காணோம்.

"நம்ம தட்டெல்லாம் எங்க?" என்றார்.

"இதுதாண்ணா தட்டு. எல்லாருக்கும் சேர்த்து."

அவர் தனியாக ஒரு தட்டு வேண்டும் என்றார். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் மெழுகுப் பெண் ரொட்டியைப் பிய்த்து, பருப்பை அதில் சுருட்டி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இதுக்குப் பேரு குர்ஷாவாம். பிடிச்சவங்களுக்குக் கையால ஊட்டுவாங்களாம். வேணாம்னா ஊட்டறவங்க மனசு கஷ்டப்படுமாம். போன தடவை அந்தம்மா சொன்னாங்க."

அவள் நகக்கண்ணில் பட்டறை மெழுகு இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மூட முடியவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

முதலில் புளிப்பு, அப்புறம் காரம். மென்றார், விழுங்கினார். குமட்டவில்லை. தொண்டை அடைக்கவில்லை. அந்த அம்மாள் தட்டைக் கொண்டுவந்தபோது அதை ஓரமாக நகர்த்திவிட்டு, அவரே கையை நீட்டினார். பெரியவர் கையும் அவர் கையும் ஒரே கீரையில் முட்டிக்கொண்டன. "நீ எடு", "நீங்க எடுங்க" என்று இழுபறி நடந்தது. அவரைப் பார்த்து அன்றைக்கு யாரும் கேலி பண்ணவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் நெஞ்சு கனத்தது. இவ்வளவுதானா? ஒரு வாய், ஒரு நிமிஷம். இதற்காகவா இத்தனை வருஷம்? அந்தத் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது மனைவியின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தார். நினைவு வரவில்லை. அன்றைக்கு அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார்.

"யாரு, நீங்களா?" என்று சிரித்தாள்.

"நாம போகலாமா? ஞாயித்துக்கிழமை?"

"போகலாமே."

போனார்கள். பெரிய தட்டு வந்தது. அவள் அதைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த அம்மாளிடம் இன்னொரு தட்டு கேட்டாள்.

"இதுலயே ரெண்டு பேரும் சாப்பிடலாம்" என்றார் அவர்.

"எனக்குப் பழக்கமில்லீங்க. வேற யார் கையாவது பட்டா இப்பல்லாம் இறங்க மாட்டேங்குது."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது அவருக்கு. ரொட்டியைப் பிய்த்துப் பருப்பைச் சுருட்டி அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் பக்கத்து மேசையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் தட்டை அவர் கைக்குக் கீழே நகர்த்தினாள்.

"இதுல வைங்க, சாப்பிடறேன்."

வைத்தார். அவள் எடுத்துச் சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"கல்யாணமான புதுசுல ஒரு தடவை என் தட்டுல கை வச்சே. நான் எந்திரிச்சுப் போய் வேற தட்டு கொண்டாந்து வச்சேன். ஞாபகம் இருக்கா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "இல்லையே. எப்போ?"

"அது... அப்பவே உன்கிட்ட மன்னிப்பு..."

"என்னத்தையோ நினைச்சுக்கிட்டு. விடுங்க. ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

பட்டறையில் இப்போது அவர் எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பெரியவரின் டப்பாவில் கேட்காமலே கை விடுகிறார். மகள் லீவுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும், அவளையும் அந்த உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று மெழுகுப் பெண்ணிடம் கேட்டார்.

"இதுல என்னண்ணா யோசனை? கூட்டிட்டுப் போங்க."

"இல்ல, அவளும் அவங்கம்மா மாதிரி தட்டு கேட்டுட்டா?" என்றார்.

மெழுகுப் பெண் ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள்.